ஆமென் சொல்லாத ஜெபம்

இந்த ஜன்னல் ஓரத்த எனக்கு விட்டுக் குடுத்தியே, அதுக்கு ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும் தங்கச்சி. மூஞ்சில காத்து படலன்னா எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துரும். நீன்னு சொல்லுதேன்னு நெனைக்காத, என் கடைசித் தங்கச்சி வயசுதான் இருக்கும் உனக்கு. எங்க போற? கோயம்புத்தூரா? நானும் அங்கதான். அப்பம் நல்லதாப் போச்சு, பொழுது சாயுற வரைக்கும் பேசிக்கிட்டே போலாம்.

என்னது, தலைவலியா? வெயில்ல நின்னதுதான். இந்தா, எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், மோந்து பாரு. பேசிக்கிட்டு இருந்தா வலி தெரியாது.

எனக்குச் சாயர்புரம் பக்கம். மகளப் பாக்கப் போறேன். அவளுக்குக் கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணுற வேல. ஆஸ்டல்ல இருக்கா. எமீமான்னு பேரு, வேதத்துல தேடி எடுத்த பேரு. நான் வாரேன்னு அவளுக்குத் தெரியாது. சொன்னா டூட்டிய மாத்திக்கிடுவா. மடியில இருக்கே இந்தப் பை, இதுல முதலூர் மஸ்கோத் அல்வா இருக்கு, அவளுக்குப் பிடிக்கும். அதுக்கு அடியில அவ பைபிள் இருக்கு. விட்டுட்டுப் போயிட்டா.

அல்வா குடுக்கவா இவ்வளவு தூரம் போறேன்னு நெனைப்ப. இல்ல. அவகிட்ட ஒரு வார்த்த வாங்கணும். ஒரே ஒரு வார்த்த. வாங்கிட்டா நான் அடுத்த பஸ்லயே திரும்பிருவேன்.

முதல்லேருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும்.

பிள்ள வளக்குறதப் பத்திப் பேச என்னக் கூப்பிடாத கோயிலு எங்க பக்கத்துல கிடையாது. 'வீட்டில் விசுவாசத்தில் பிள்ளைகளை வளர்ப்பது'ன்னு தலைப்பு குடுத்துருவாவ. நான் எடுத்தவொடனே சொல்லுவேன், ஞாயித்துக்கிழம பாதிரி ஐயர் பிரசங்கத்துல பிள்ள வளராது, வீட்டு ஜெபத்துலதான் வளரும்னு. எங்க வீட்ல சாயங்காலம் லைட்டப் போட்டா ஜெபம். காய்ச்சலா, கரண்டு இல்லையா, விருந்தாளி வந்திருக்காவளா, எல்லாம் ஒண்ணுதான். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பெறவு சின்னதுல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா வாய் விட்டு ஜெபிக்கணும். கடைசியில நான்.

சட்டம் உண்டு. ஆமென் சொல்லுற வரைக்கும் யாரும் கண்ணத் தொறக்கக் கூடாது. ஒருத்தர் ஜெபிக்கும்போது இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாது. ஜெபத்துல சொன்னத எந்திரிச்ச பெறவு எடுத்து வச்சு, அது ஏன் சொன்ன, இது ஏன் சொன்னன்னு கேக்கக் கூடாது. அது ஆண்டவர்கிட்ட சொன்னது. மனுசன் அதுல கை வைக்கக் கூடாது. இதெல்லாம் நான் வச்ச சட்டந்தான்.

ஏன் வச்சேன்னு கேளு. நான் மருமகளா வந்தப்பம் வாயத் தொறக்க முடியாது. 'அத்தே'ன்னு ஆரம்பிச்சாலே எங்க மாமியா 'போயி அடுப்பப் பாரு'ம்பாவ. எங்க வீட்டுக்காரவிய ஒரு ஊமச்சாமி, அவங்க அம்மா முன்னால இருமக்கூட மாட்டாவ. நான் அடுப்படிக்கும் கெணத்தடிக்குமா நடந்தேன். என் சத்தமே எனக்கு மறந்து போச்சு, சத்தியமா சொல்லுதேன். ஆனா சாயங்காலம் ஜெபத்துல என் முறை வரும்லா? ஒருநாள் மனசு தாங்காம, 'ஆண்டவரே, எங்க அம்மா காய்ச்சல்ல கெடக்கான்னு கேள்விப்பட்டேன், அவ மொகத்தப் பாத்து ரொம்ப நாளாச்சு, இந்த ஏழைக்கு ஒரு வழி தெறந்தருளும்'னு சொல்லிட்டேன். மாமியாவுக்கு மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்துச்சு. பேச முடியாதே! ஜெபத்துக்கு நடுவுல யாரு பேசுவா? ஆமென் சொன்னவொடனே எங்க மாமனாரு, 'காலையில முத பஸ்ஸுக்குப் போயிட்டு வாம்மா'ன்னுட்டாவ.

சிரிக்கியா? சிரி, சிரி. அன்னைக்குப் பிடிச்சதுதான். பெறவு எனக்கு என்ன வேணும்னாலும் ஜெபத்துலதான். தனி அடுப்பு, பிள்ளயளுக்கு இங்கிலீஷ் ஸ்கூலு, எல்லாம் ஆண்டவர்கிட்ட கேட்டது. பக்கத்துல உக்காந்திருக்கவியளுக்கும் காது கேக்கும், அது ஆண்டவர் செஞ்ச ஏற்பாடு.

பிள்ளயள வளத்ததும் அப்படித்தான். நான் அடிச்சு வளக்கல தங்கச்சி. ஊர்ல கேட்டுப் பாரு. எமீமாவுக்குக் கணக்குல மார்க்கு கொறஞ்சுதுன்னு வையி, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். சாயங்காலம் ஜெபத்துல, 'ஆண்டவரே, இந்த வீட்ல ஒரு பிள்ள புஸ்தகத்துக்குள்ள வேற புஸ்தகம் வச்சுப் படிக்குறத நீர் அறிவீர்'ம்பேன். அவ்வளவுதான். அவ அண்ணன் யாபேசு பாயில கெடந்து நெளிவான். இவ நெளிய மாட்டா. அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருப்பா. எதுத்துப் பேசுனது கிடையாது. எப்படிப் பேசுவா, ஜெபமாச்சே!

ஒருக்கா, சின்னப் பிள்ளையா இருக்கும்போது, 'எமீமா கண்ணத் தொறந்தா'ன்னு நான் சொன்னதுக்கு, 'நீ எப்படிம்மா பாத்த?'ன்னு கேட்டுட்டா. வாயில ஒண்ணு போட்டேன். அது வேற. நான் ஒரு கண்ணத் தொறந்து பாக்குறது மேய்ப்பன் ஆட்டப் பாக்குற மாதிரி. தாய்க்கு அந்தக் கடம உண்டு.

அண்ணாச்சி, அந்தப் பாட்டக் கொஞ்சம் கொறச்சு வையுங்களேன்! இங்க பேச முடியல. டிரைவருக்குக் காதே கிடையாது போல. நீ என்ன, அந்தப் போன் குச்சியக் காதுல மாட்டப் போறியா? அந்தப் பாட்டுக்குப் பயந்தா? கொறச்சிட்டாம்மா, எடுத்துரு.

எங்க விட்டேன்? ஆமா, இனி மாப்பிள்ள வந்த கதைக்கு வாரேன்.

வேலை ஒண்ணு பாக்கணும்னு எமீமாவுக்கு ஆச. படிச்சு முடிச்சவொடனே அடுப்படிக்கு வந்து நின்னா. 'எம்மா, கோயம்புத்தூர்ல கூப்பிடுதாவம்மா'ன்னா. நான் வெங்காயம் அரிஞ்சிக்கிட்டு இருக்கேன். 'ஜெபத்துல வையி'ன்னேன். பெறவு இந்த மாப்பிள்ள வந்தப்பம் திரும்பவும் வந்து நின்னா. 'எம்மா, எனக்கு இப்பம் கல்யாணம் வேண்டாம்மா'ன்னா. 'அதெல்லாம் நாமளா முடிவு பண்ணக் கூடாதுட்டி. ஜெபத்துல வையி'ன்னேன். பொண்ணு பாக்க வாரதுக்கு முந்தின நாளுகூட, நான் சேல மடிக்கும்போது, கதவப் பிடிச்சிக்கிட்டு, 'எம்மா, கொஞ்ச நேரம் என்கிட்ட பேசேன்'னா. விடிஞ்சா ஆளு வருது, பலகாரம் பண்ணி முடியல, எனக்கு எங்க நேரம்? 'சாயங்காலம் ஜெபத்துல சொல்லு'ன்னேன். அவ சொல்லல. மத்தவளா இருந்தா அம்மாகிட்ட வந்து மனசு விட்டுச் சொல்லியிருப்பா. என் பிள்ள ஒருநாளும் மனசத் தொறந்து என்கிட்ட எதையும் சொன்னதில்ல தங்கச்சி. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல.

மாப்பிள்ள நல்ல மாப்பிள்ள. நாசரேத்துல வீடு, கத்தார்ல வேல. அவங்க அம்மா எனக்குப் பெரிய ஜெபக் கூட்டங்கள்லேருந்தே பழக்கம், ஜெபவீரி. அந்த அம்மா ஜெபிக்க ஆரம்பிச்சா சோறு ஆறிப் போவும். பொண்ணு பாக்க எல்லாரும் வேன்ல வந்தாவ. எங்க உபதேசியாரும் வந்திருந்தாவ. அதான், ஐயருக்கு அடுத்தபடியா ஊர்க் கோயிலப் பாத்துக்கிடுவாவளே, அவிய. காப்பி குடிச்சு முடிச்சாச்சு. உங்க பக்கத்துல பொண்ண ஒரு பாட்டுப் பாடச் சொல்லுவாவளா? எங்க பக்கத்துல அந்த அம்மா, 'பொண்ணு ஒரு ஜெபம் பண்ணட்டுமே'ன்னாவ.

எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. இதுக்குத்தான வளத்தேன்? இத்தன வருசம் சாயங்காலம் சாயங்காலம் உக்கார வச்சு, மனச ஊத்தி ஜெபி, ஊத்தி ஜெபின்னு சொல்லிச் சொல்லி வளத்தது எதுக்கு? 'ஜெபி மக்கா'ன்னேன். எல்லாரும் தலையக் குனிஞ்சோம். நானும் கண்ண மூடுனேன். ரெண்டு கண்ணையும். அந்த அம்மா எதிர்லயே உக்காந்திருக்காவ, அவிய ஒரு கண்ணத் தொறந்து என்னப் பாத்துட்டா என்ன ஆவுறது? அத்தன வருசத்துல அன்னைக்குத்தான் தங்கச்சி நான் ரெண்டு கண்ணையும் மூடுனேன்.

நல்லாத்தான் ஆரம்பிச்சா. வந்தவியள பத்திரமாக் கொண்டு வந்து சேத்ததுக்கு ஸ்தோத்திரம், காலையிலேருந்து உழைச்ச அம்மாவுக்காக ஸ்தோத்திரம். அந்த அம்மா 'ம், ம்'ங்காவ. பெறவு கொஞ்சம் நிறுத்துனா. நிறுத்திட்டு சொல்லுதா, எனக்கு ஒரு வார்த்த மறக்கல:

'ஆண்டவரே, எங்க அம்மாகிட்ட சொன்னேன், உம்மகிட்ட சொல்லச் சொன்னாங்க. அதனால சொல்லுதேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். வந்திருக்கிற அண்ணன் நல்லவங்களாத்தான் தெரியுது, அவங்கள விரும்புற பொண்ண அவங்களுக்குத் தாரும். எனக்கு உம்ம மேல கோவம் இல்ல ஆண்டவரே. ஆனா என்னப் பத்தி நீர் கேட்டதெல்லாம் எங்க அம்மா வாயால கேட்டதுதான். என் தப்ப எல்லாம் என்னப் பக்கத்துல வச்சுக்கிட்டே உம்மகிட்ட சொன்னாங்க. நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். இந்த வீட்ல இருந்தா நான் உம்ம வெறுத்துருவேனோன்னு பயமா இருக்கு. அதுக்கு முன்னால என்னப் போக விடும். கொஞ்ச நேரம் எல்லாரும் கண்ண மூடியிருக்கக் கிருப தாரும்.'

அவ்வளவுதான். சத்தம் நின்னு போச்சு.

நான் என்ன செய்வேன் சொல்லு? கண்ணத் தொறக்க முடியாது, ஆமென் சொல்லலையே. குறுக்க பேச முடியாது, ஜெபமாச்சே. என் வாயி, என் கண்ணு, எல்லாம் நானே போட்ட பூட்டு. அழுதுக்கிட்டு இருக்கா, தேத்திக்கிட்டு முடிப்பான்னு உக்காந்திருக்கேன். ஃபேனு சுத்துற சத்தம் கேக்குது. உபதேசியாரு மெதுவா 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்'ங்காவ, அவியளுக்கும் என்ன பண்ணுறதுன்னு தெரியல. தெருமுக்குல டவுன் பஸ்ஸு வந்து நிக்கிற சத்தம். ஆரன் சத்தம். அது கெளம்பிப் போற சத்தமும் கேட்டுது. அதுக்கப்புறமும் உக்காந்திருக்கோம் தங்கச்சி, எல்லாரும், கண்ண மூடிக்கிட்டு! கடைசியில அந்த அம்மாதான், 'ஜெபம் முடிஞ்சிட்டா?'ன்னு கேட்டாவ.

கண்ணத் தொறந்தா நாற்காலி கெடக்கு. ஆளு இல்ல.

எங்க வீட்டுக்காரவிய மட்டும் நிமுந்து உக்காந்திருக்காவ. அவிய கண்ணு சிவந்து கெடக்கு. எனக்கு அப்பவே ஒரு மாதிரியா இருந்துச்சு. வந்தவிய எல்லாம் போன பெறவு கேட்டேன், 'நீங்க பாத்தியளா? அவ எந்திரிச்சுப் போனதப் பாத்தியளா?'ன்னு. 'பாத்தேன்'னாவ. கதவுகிட்ட செருப்பத் தேடுனாளாம், இவிய பெஞ்சுக்கு அடியில கெடந்தத காலால தள்ளி விட்டாவளாம். 'கூப்பிட்டு நிறுத்த வேண்டியதுதான?'ன்னு கத்துனேன். அதுக்கு என்ன சொன்னாவ தெரியுமா? 'ஜெபத்துக்கு நடுவுல பேசக் கூடாதுன்னு நீதான சொல்லியிருக்க?'

முப்பது வருசம் வாயத் தொறக்காத மனுசன், தொறந்தா இப்படித்தான் தொறப்பாவ போல. சவத்த விடு. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், வாயில அப்படி வந்துட்டு.

ஊரு என்ன பேசும்? பேசுனாவ. என்ன இப்பம் யாரும் பேசக் கூப்பிடுறது இல்ல. அதுகூடப் பெருசு இல்ல. அவ அப்பாவுக்குப் போன் பண்ணுவா. இவிய வாசல் முத்தத்துல போயி நின்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாவ. அந்த மனுசனுக்கு அவ்வளவு பேச்சு எங்க கெடந்துச்சுன்னு தெரியல. நான் கைய நீட்டுனா போனத் தருவாவ. 'சாப்பிட்டியா மக்கா?'ம்பேன். 'ஆமா'ம்பா. 'ஜெபிச்சியா?'ம்பேன். சத்தமே வராது. போனு வச்சிட்டாளா, கேட்டுக்கிட்டு இருக்காளான்னு தெரியாது. நானும் காதுல வச்சுக்கிட்டே நிப்பேன்.

சாயங்காலம் ஜெபத்துக்கு இப்பம் நாங்க ரெண்டு பேருதான். யாபேசு பெங்களூருல இருக்கான், அவன் வீட்ல ஜெபம் உண்டான்னு கேட்டா பொண்டாட்டிகிட்ட போனக் குடுத்துருதான். எங்க வீட்டுக்காரவிய 'நான் மனசுக்குள்ள ஜெபிக்கேன்'னு சொல்லிட்டாவ. மனசுக்குள்ளன்னா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நானே பாடி, நானே வாசிச்சு, நானே ஜெபிச்சு, நானே ஆமென் சொல்லுதேன். நிறுத்திரலாம்னு பாத்தா முடியல. லைட்டப் போட்டவொடனே கையி தானா பாயத் தூக்குது. நிறுத்திட்டா அந்த வீட்ல எனக்குப் பேசுறதுக்கு வேற நேரம் கிடையாது தங்கச்சி. எனக்குச் சும்மா பேசத் தெரியாது. இந்தா, உன்கிட்ட பேசுதேன்லா, இப்படி வீட்ல பேசுனது இல்ல.

அதுக்குத்தான் போறேன். அவ வேலைக்குப் போயிட்டா, சரி. கல்யாணம் வேண்டாம்னுட்டா, சரி, அத ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. ஆனா அந்த ஜெபத்துக்கு இன்னும் ஆமென் சொல்லல. ஆமென் சொல்லாத ஜெபம் ராத்திரி கதவு சாத்தாத வீடு மாதிரி, படுத்தா தூக்கம் வருமா? நாங்க எல்லாரும் இன்னும் அந்த ஜெபத்துக்குள்ளேயே உக்காந்திருக்க மாதிரி இருக்கு எனக்கு. அவளப் பக்கத்துல உக்கார வச்சு, ஒரு ஆமென் மட்டும் சொல்ல வச்சிட்டேன்னா போதும். பெறவு நான் கண்ணத் தொறந்துக்கிடலாம்.

காலையில பஸ் ஏத்தி விட வந்தாவ எங்க வீட்டுக்காரவிய. ஜன்னலப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாவ தெரியுமா? 'அங்க போயி ஜெபம் பண்ணிராத. அவகூடப் பேசு.' எப்படி இருக்கு பாத்தியா? ஒரு விசுவாச வீட்டு ஆம்பள சொல்லுற வார்த்தையா இது? அவிய அம்மா கேட்டிருந்தா உசுர விட்டிருப்பாவ. பேசுன்னா என்னத்தப் பேச?

ஆமா, பஸ்ஸு திண்டுக்கல்லத் தாண்டிட்டு. இனி எவ்வளவு நேரம்? சாயங்காலம் ஆயிருமா? சீக்கிரம் போயிராம இருந்தாலும் நல்லதுதான்.

உனக்குத் தலைவலி விடல போல. மொகமே சரியில்ல. இரு, உனக்காக ஒரு ஜெபம் பண்ணுதேன். நீ என்ன சாமி கும்பிட்டா என்ன, நான் வித்தியாசம் பாக்குறது இல்ல. வேண்டாம்னு சொல்லாத, ஜெபம் யாரையும் கடிக்காது. கண்ண மட்டும் மூடிக்கோ. நானும் மூடிக்கிடுதேன். ரெண்டு கண்ணையும்.

அன்பும் இரக்கமும் உள்ள ஆண்டவரே, என் பக்கத்துல உக்காந்திருக்கிற இந்தத் தங்கச்சிக்காக வாரேன். அவ பேரு... நான் கேக்கல, உமக்குத் தெரியும். அவ தலைவலிய நீக்கும். நான் சொன்னதெல்லாம் பொறுமையாக் கேட்டா, அவள ஆசீர்வதியும். அவ போற காரியத்த... என்ன காரியம்னும் நான் கேக்கல ஆண்டவரே. அதையும் வாய்க்கப் பண்ணும்.

பெறவு, ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. அவ ஆஸ்டல் வாசல்ல வந்து நின்னு 'எதுக்கு வந்த?'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அல்வா கொண்டு வந்தேன்னு சொல்லவா? ஆமென் சொல்லுட்டின்னு சொன்னா கதவ அடச்சிருவாளே. வழியெல்லாம் யோசிச்சிட்டு வாரேன், ஒரு வார்த்த வரல. 'எம்மா, என்கிட்ட பேசேன்'னு கேட்டால்லா, அப்பம் நான் சேல மடிச்சிக்கிட்டு இருந்தேன். இப்பம் ஒரு வேலையும் இல்லாம போறேன். உம்மகிட்ட பேசுறத விட்டா எனக்கு வேற பேச்சே தெரியாதே ஆண்டவரே. என் பிள்ள மொகம் எனக்கு மறந்துட்டே வருது. ஒரு தடவ அவ என்ன உள்ள கூப்பிடட்டும். உக்காரச் சொல்லட்டும். ஒரு வாய் தண்ணி குடுக்கட்டும். வேற ஒண்ணும் நான் கேக்கல.

இந்த ஜெபத்தக் கேளும் நல்ல பிதாவே.

ம், தங்கச்சி, நீயும் ஆமென் சொல்லணும். ரெண்டு பேரா ஜெபிச்சா ரெண்டு பேரும் சேந்துதான் சொல்லணும், எங்க வீட்டுப் பழைய வழக்கம் அது. சின்ன வார்த்ததான். வாயத் தொறந்து சொல்லு.

தங்கச்சி?

தூங்கிட்டியா? ஏ தங்கச்சி... இந்தா, எலுமிச்சம்பழம் சீட்டுலயே கெடக்கு.

கண்டக்டரு தம்பி, இந்த சீட்டுல இருந்த பொம்பள எங்க? எறங்கிட்டாளா? கோயம்புத்தூருன்னுதான சொன்னா? ...கடைசி சீட்டுலயா? எங்க?

ஆமா. அந்தா இருக்கா. ஜன்னலுல தலையச் சாச்சு, கண்ண மூடிக்கிட்டு.

சரி, சரி. நீ அங்க உக்காந்தே ஜெபிக்கியா தங்கச்சி? ஜெபி, ஜெபி. நான் குறுக்க பேசல. நீ முடிச்சிட்டு மெதுவா வா. நான் ஆமென் சொல்லாமலே வச்சிருக்கேன்.